பல் கட்டுவோர் குழு, விதி எண் ஒன்று

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதை நான் சிரிப்புக் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் அக்கா இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்தாள். நாற்பது நாள் அந்தப் பக்கம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஆளே இல்லாத குழுவுக்கு அவள் ஒன்பது விதிகள் எழுதி, எண் போட்டு, யாரும் இல்லாத அவையில் வெளியிட்டிருந்தாள். எண்ணூறு சொல், ஒரு கேலிப்படம், வார இதழின் கடைசிப் பக்கம் என்று நான் மனக்கணக்குப் போட்டு, இதழாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். "லைட்டா இருக்கட்டும் சார். போன தடவை மாதிரி இழுத்துட்டுப் போயிடாதீங்க" என்றார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. அன்றிலிருந்து எது கட்டுரை, எது கதை, எது எங்கள் வீட்டுச் சமாசாரம் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் பேனாவால் காகிதத்தில் எழுதுகிறவன். அடித்ததெல்லாம் அப்படியே தெரியும். மறைக்கவும் போவதில்லை.

[தொடக்கம் அ: "கூடி வாழ்வதே மனிதனின்" என்று ஆரம்பித்தேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது. அடித்தாயிற்று.]

[தொடக்கம் ஆ: "அக்காவின் விரல் இடுக்கில் எப்போதும் ரோஸ் நிற மெழுகு ஒட்டியிருக்கும்." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் கதை முடிவதற்குள் அக்கா செத்துப்போவாள் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அக்கா சௌக்கியம்.]

[தொடக்கம் இ: "பதினொரு வருடத்துக்கு முன்னால் எங்கள் அப்பா" வேண்டாம். இப்போதே வேண்டாம்.]

(பிழைப்புக்கு நான் வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதுகிறேன். "படி 4: மூடி பூட்டிக்கொண்டதற்கான ஒலி கேட்கும்வரை திருகவும்" என்பது என் கைவரிசை. குழப்பமில்லாமல் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் எழுதுவது இது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.)

2

அக்கா பல் கட்டுகிறவள். டாக்டர் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. டாக்டர் வாயில் அளவெடுத்து, அந்த அச்சை ஒரு பெட்டியில் போட்டு, ஒரு எண்ணையும் ஒட்டி அனுப்புவார். அக்கா பிளாஸ்டரில் தாடை வார்த்து, மெழுகில் ஈறு செய்து, அதில் பல் நட்டு, பிறகு மெழுகை உருக்கிவிட்டு அக்ரிலிக் ஊற்றித் தேய்த்து மெருகேற்றி அதே பெட்டியில் திருப்பி அனுப்புவாள். பெட்டி வரும், பெட்டி போகும். வாய் வராது.

அவளுடைய லேப் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிறது. நான்கு மேஜை, நான்கு பேர், ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூசி. அலமாரியில் தாடைகள் வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் சில ஆயிரம் பேருக்குச் சிரிப்புக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒருவர் முகமும் அவளுக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ யாரோடு பேசினாலும் அவள் கண் எதிராளியின் உதட்டில்தான் நிற்கும். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இதனால் ஒரு சின்னச் சங்கடம் வந்தது. அது வேறு கட்டுரை.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கென்று, எல்லாருடைய சித்தியும் பெரியப்பாவும் இருக்கிற அந்தப் பெரிய வலைத்தளத்தில், நானூறு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. சந்தேகம் கேட்பார்கள், வேலையைப் படம் எடுத்துப் போடுவார்கள். ஒருநாள் காலையில் குழுவையே காணோம். ரோஸ் மெழுகில் செய்த ஈறுகளை அந்தக் கம்பெனியின் எந்திரம் மனித உடம்பின் வேறு ஏதோ பாகம் என்று தீர்மானித்துவிட்டது. ஆபாசம் என்று பூட்டிவிட்டார்கள். அக்கா மூன்று முறை முறையீடு அனுப்பினாள். மூன்று முறையும் அதே எந்திரமே பதில் சொன்னது.

"ஈறுடா அது. ஈறுக்கு என்ன சட்டையா போட்டுவிட முடியும்?" என்றாள் என்னிடம்.

முதலாளியே இல்லாத இடமாகப் பார்த்துக் குழு தொடங்குவது என்று அவள் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

3

அப்படி ஒரு வலை இருக்கிறது என்று சொன்னவர் ஒரு இயற்பியல் வாத்தியார். வலையில் அவர் பெயர் ஈரத்துணி. அவருடைய சர்வர் என்பது அவர் வீட்டு அலமாரிமேல் இருக்கிற ஒரு பழைய கணினி. அது எப்போதும் கதகதப்பாக இருப்பதால் அவர் மனைவி அதன்மேல் கைக்குட்டைகளைக் காயப்போடுவார். பெயர்க்காரணம் அதுதான்.

போனில் அவர் விளக்கினார். நான் கையேடு எழுதுகிறவன் என்பதால் குறிப்பெடுத்துக்கொண்டேன். குறிப்பு இதோ:

"அப்ப இதுக்கு முதலாளி யாரு?"

"யாருமில்ல சார். சர்வர் நெறைய இருக்கு. ஒவ்வொண்ணும் ஒருத்தர் நடத்தறது. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்."

"புகார்னா?"

"உங்க சர்வர் நடத்தறவர்கிட்ட."

"எங்க சர்வர் நடத்தறவர்?"

"நான்தான்."

"புகாரே உங்க மேலன்னா?"

"வேற சர்வருக்கு மூட்டை கட்டிட்டுப் போயிடலாம். நான் தடுக்க முடியாது. இங்க நீங்க ஒண்ணு எழுதினா அதோட நகல் மத்த சர்வருக்கெல்லாம் போகும்."

"நான் அழிச்சுட்டா?"

"அழிங்கன்னு ஒரு வேண்டுகோள் போகும். கேக்கறவங்க கேப்பாங்க."

"கேக்காதவங்க?"

"அவங்ககிட்ட இருக்கும்" என்றார், மழை வரும் என்று சொல்வது மாதிரி.

எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் "சரி சரி" என்றேன். அக்காவுக்குப் புரிந்திருந்தது. அல்லது அவளும் "சரி சரி" என்றிருக்கலாம்.

நாற்பது நாள் யாரும் வராததற்குக் காரணம் நாற்பத்தோராம் நாள் தெரிந்தது. குழு தொடங்கும்போது வந்த ஒரு கேள்வியில், கண்டவர்கள் வரக்கூடாதே என்று, "இந்த சர்வருக்குள் மட்டும்" என்ற கட்டத்தில் அக்கா டிக் அடித்திருந்தாள். அந்த சர்வரில் இருந்தது மூன்று பேர். ஈரத்துணி, ஈரத்துணியின் மனைவி, அக்கா. அந்த அம்மாள் மட்டும் ஒன்பது விதிகளையும் படித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

டிக்கை எடுத்தார்கள். குழுவின் முகவரியைத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்து, லேப்களுக்குப் பல் சப்ளை செய்யும் கடையில் கொடுத்தாள் அக்கா. அவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று போட்டு அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் அறுபத்திமூன்று பேர். கடைசிப் பக்கக் கட்டுரை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

4

விதிகளைச் சொல்லவில்லையே. ஒன்பதையும் எழுதினால் இதழாசிரியர் அடிக்க வருவார். ஒன்பதாவது, காலை வணக்கப் படங்களுக்குத் தடை. நாலாவது, சம்பளம் பற்றிப் பெருமை பேசக்கூடாது. முதலாவதுதான் நமக்கு வேண்டும்:

"விதி 1. வாய் யாருடையது என்று சொல்லாதே. கேட்காதே. தெரிந்துபோனாலும் வெளியே விடாதே."

பழைய குழுவில் ஒருவர், மேடையில் பாடும் ஒரு அம்மாளின் பல்செட்டைப் பெயரோடு படம் போட்டுவிட்டார். அது கைமாறிக் கைமாறி அந்த அம்மாளிடமே போய்ச் சேர்ந்தது. அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். அதைச் செய்து கொடுத்தது அக்காவின் பக்கத்து மேஜைக்காரி. படம் போட்டது அவள் இல்லை. ஆனாலும் ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை. அதனால்தான் புதுக் குழுவில் இந்த விதிக்கு முதல் எண்.

5 (முந்தைய வடிவத்தில் இது 2)

திங்கட்கிழமை வந்த படம்.

போட்டவருக்கு வலையில் கடைவாய் என்று பெயர். ஆணா பெண்ணா தெரியாது, எந்த ஊர் என்றும் தெரியாது. ஒரு கதைசொல்லியாக எனக்கு இது பெரிய இடைஞ்சல். இரண்டு வடிவங்களில் அவரை ஆணாகவும் ஒரு வடிவத்தில் பெண்ணாகவும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் நல்லவராகவே வந்ததால் விட்டுவிட்டேன். அவர் எழுதியது:

"மேல்தாடை, முன்பல் நாலு. நடுவுல ரெண்டா உடைஞ்சு வந்திருக்கு. ஒட்டிடலாம், அது பிரச்சினை இல்ல. ஓரப் பல் ஒண்ணு லேசா திரும்பி நிக்குது. பிசகு இல்ல, வேணும்னே திருப்பி நட்டது, அவ்வளவு சுத்தமான வேலை. கிளினிக் சீட்டுல 'ஒட்டவும், பல்லை நேராக்கவும்'னு போட்டிருக்கு. ஒருத்தர் பார்த்துப் பார்த்துப் பண்ணினத நேராக்க எனக்குக் கை வரல. நீங்கன்னா என்ன பண்ணுவீங்க? வியாழன் காலைல குடுக்கணும்."

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் பார்த்தாளாம். எனக்குப் போன் வந்தபோது மணி ஒன்றரை.

"படம் அனுப்பியிருக்கேன், பாரு."

"பார்த்தேன். உடைஞ்ச பல்செட்."

"இடது பக்கம் ஓரத்துல பாரு."

"எனக்கு எல்லாப் பல்செட்டும் ஒரே மாதிரிதான்க்கா இருக்கு."

"அப்பாவோடதுடா" என்றாள்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் எனக்குக் கால் நடுங்கியதாகவும் ஜன்னல் வழியே ஒரு பறவை பறந்ததாகவும் எழுதியிருந்தேன். பறவை எதுவும் பறக்கவில்லை. நான் ஒரு மிக்சியின் கையேட்டில் "எச்சரிக்கை" என்ற பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். அதைத் தொடர்ந்து இரண்டு வரி எழுதவும் செய்தேன். அப்புறம்தான் பேனாவைக் கீழே வைத்தேன்.]

6

இனி தொடக்கம் இ-யைத் தள்ளிப்போட முடியாது.

எங்கள் அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறிக்கிறவராக இருந்தார். ஒரு வீட்டின் பின்படியில் வழுக்கி விழுந்து முன்பல் நான்கும் போயின. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் வாசலைத் தாண்டவில்லை. எங்களோடு பேசும்போதும் வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். அக்காவுக்குத் தெரிந்த டாக்டர் அளவெடுத்துக் கொடுக்க, விடுமுறை நாட்களில் லேபைத் திறந்து அக்கா அவருக்குப் பல் கட்டினாள்.* அப்பாவின் சொந்தப் பல்லில் இடது ஓரத்தில் ஒன்று கொஞ்சம் திரும்பியிருக்கும். புதுப் பல்லையும் அப்படியே திருப்பி நட்டாள். அப்பா கண்ணாடியில் பார்த்தார், நாக்கால் தடவினார், "நானேதான்" என்றார். மூன்று நாள் வீட்டில் சிரிப்பாக இருந்தது. நாலாம் நாள் காலையில், "கடை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று போனவர் திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மாவுக்கு ஒரு போன். "நல்லா இருக்கேன். தேட வேண்டாம்." அவ்வளவுதான். பதினொரு வருடமாயிற்று.

* (அக்காவின் லேபில் ஒரு பழக்கம். பல்செட் முடிகிற நேரத்தில் அண்ணத்தில் பொருந்தும் பகுதியின் பின்பக்கம் ஒரு சின்னக் குழி வெட்டி, வேலை எண் எழுதிய அரிசியளவு சீட்டை வைத்து, அதன்மேல் கண்ணாடி மாதிரி தெளிந்த அக்ரிலிக்கைப் பூசி மூடுவார்கள். பழுதுக்கு வந்தால் யார் வேலை என்று தெரியும். அப்பாவின் பல்செட்டுக்கு வேலை எண் ஏது? ஆனாலும் சீட்டு இல்லாமல் முடித்தால் கைக்கு என்னவோபோல் இருக்கிறது என்று, எதுவும் எழுதாத வெறும் சீட்டு ஒன்றை வைத்து மூடினாளாம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே இந்த வாரம்தான் சொன்னாள்.)

இந்த அப்பாவை ஒரு பாத்திரமாக எனக்கு எழுத வரவில்லை. அவர் ஏன் போனார் என்று மூன்று விதமாக எழுதினேன்.

முதல் வடிவத்தில் அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது. படித்துப் பார்த்தால் அது எங்கள் அப்பாவே இல்லை, ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து இறங்கி வந்தவர். இரண்டாம் வடிவத்தில் அவருக்குத் தீராத நோய், எங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று போய்விட்டார். இதை எழுதும்போது அழுதேன். அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். மூன்றாம் வடிவத்தில் காரணமே இல்லை. கடைக்குப் போனார், கடை தாண்டியும் தெரு இருந்தது, நடந்தார். இதுதான் உண்மைக்குக் கிட்ட இருக்கும் என்று தோன்றுகிறது. இதுதான் எனக்கு ஆத்திரத்தையும் மூட்டுகிறது.

அம்மாவிடம் ஒரே வடிவம்தான் உண்டு. "செத்திருந்தா சொல்லி அனுப்பியிருப்பாரு. எதையும் சொல்லாமச் செய்யற ஆளில்ல." சொல்லாமல் போன ஆளைப் பற்றித்தான் இப்படிச் சொல்கிறாள் என்று சுட்டிக்காட்ட எங்கள் இருவருக்கும் தைரியம் வந்ததில்லை.

அக்காவின் வடிவம் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியவந்தது. பதினொரு வருடமாக அதை அவள் மட்டும் வைத்திருந்திருக்கிறாள்.

"பல்லு இல்லாம இருந்திருந்தா அவரு வாசலைத் தாண்டியிருக்கவே மாட்டாருடா. நான்தானே கட்டிக்குடுத்தேன்."

7

மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு அக்கா அந்தப் படத்தின் கீழே பதில் எழுதினாள். எழுதியது முழுக்க இவ்வளவுதான்:

"இது என் கை வேலை. இது என் அப்பாவுடைய பல்செட். அவர் எங்கே இருக்கிறார்? தயவுசெய்து சொல்லுங்கள்."

ஒன்பது நிமிடம் அது இருந்தது. ஒன்று நாற்பத்தொன்பதுக்கு யாரோ புகார் கொடுத்தார். குழுவில் வரும் புகார்கள் குழுவை நடத்துகிறவருக்குப் போகும். நடத்துகிறவர் அக்கா. ஆகவே அவள் போன் ஒலித்து, "உங்கள் குழுவில் விதி 1 மீறப்பட்டுள்ளது. நடவடிக்கை எடுக்கவும்" என்று அவளிடமே சொன்னது.

இந்த இடத்தை நான் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒரு வடிவத்தில் அக்கா புகாரைத் தூக்கிப் போடுகிறாள். அதுதான் எனக்குப் பிடித்த அக்கா. அப்பா விஷயம் வந்தால் விதியாவது ஒன்றாவது என்கிற அக்கா. ஆனால் உண்மையான அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள், பதிவை அழித்தாள், காரணம் என்ற கட்டத்தில் "விதி 1" என்று போட்டாள்.

"எதுக்கு அழிச்சே?" என்று கத்தினேன் போனில்.

"மத்த அறுபத்திமூணு பேரும் எதை நம்பி வந்தாங்க? தேட வேண்டாம்னுதானே அவரும் சொன்னாரு? ஒருவேளை இது வேற யாரோ ஒரு மனுஷன்னா, அவரு என்ன பாவம் பண்ணினாரு?"

சாயங்காலம் ஈரத்துணி கூப்பிட்டார். "பதினாலு சர்வருக்கு வேண்டுகோள் போச்சு சார். பதினொண்ணு அழிச்சாச்சுன்னு சொல்லிடுச்சு. மூணு பதிலே சொல்லல."

"அப்படின்னா?"

"அங்க இருக்கும்."

என் அக்கா அப்பாவைப் பற்றிக் கேட்ட கேள்வி, எங்கள் யாருக்கும் தெரியாத மூன்று வீடுகளின் அலமாரிமேல் இன்னும் இருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

8

அந்த மூன்றில் ஒன்று கடைவாயின் சர்வர். செவ்வாய்க்கிழமை அவர் அக்காவுக்குத் தனியாக எழுதினார். அக்காவின் அனுமதியோடு தருகிறேன்.

"உங்க பதிவைப் பார்த்தேன் அக்கா. அழிச்சதையும் பார்த்தேன். எங்ககிட்ட இன்னும் தெரியுது. படிக்காத மாதிரியே வெச்சுக்கறேன்."

"நன்றிங்க."

"கேட்டா சொல்ல மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் யாருன்னு தெரியாது, நம்பர்தான் இருக்கு. கிளினிக்ல கேட்டா தெரியும். கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க."

"இன்னொண்ணு. என் போன்ல பின்பக்கக் கேமரா உடைஞ்சிருக்கு. படம் முன்பக்கக் கேமராவுல எடுத்தது. அது இடம் வலம் மாத்திக் காட்டுமோ என்னவோ. குழம்பிடாதீங்கன்னு சொல்றேன்."

குழம்பாமல் என்ன செய்வது? சில போன்கள் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடும், சில திருப்பாது. அவருடையது எந்த ரகம் என்று கேட்டாலே அது பல்செட்டைப் பற்றிக் கேட்டதாகிவிடும். திருப்பியிருந்தால் அந்தப் பல் வலது ஓரத்துப் பல், ஆகவே அப்பாவுடையது இல்லை. அக்கா படத்தை நிமிர்த்தியும் கவிழ்த்தும் பார்த்தாள். நான் அவள் லேபில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கையேடு எழுதுகிற புத்தியோடு, எல்லா வாய்ப்பையும் படி 1, படி 2 என்று எழுதினேன். கடைசிப் படியில், "ஆகவே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்று வந்தது.

"கை வேலைல தெரியாதா உனக்கு?"

"நேத்து தெரிஞ்சுது. இன்னிக்கு சந்தேகமா இருக்கு. பல்லைத் திருப்பி நடறவ உலகத்துல நான் ஒருத்திதானா?"

"வேற அடையாளம் ஏதாவது இருக்கா?"

அப்போதுதான் வெறும் சீட்டைப் பற்றிச் சொன்னாள்.

"அதைக் கேளேன்."

"கேட்டா அவரு ஒண்ணு விதியை மீறணும், இல்ல என்கிட்ட பொய் சொல்லணும். ரெண்டையும் அவரைச் செய்ய வைக்க மாட்டேன்."

எனக்கு எழுந்துபோய் அவள் போனைப் பிடுங்கி நானே கேட்டுவிடலாம் என்று இருந்தது. பிடுங்கவில்லை. இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கா என்னைவிடப் பலசாலி.

அன்று மாலையே கடைவாயிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. "யோசிச்சுப் பார்த்தேன். எங்க லேப்லயும் ஒட்டும்போது உள்ள சீட்டு வைக்கிற பழக்கம் உண்டு. எங்க நம்பருக்குப் பதிலா நீங்க சொல்றத எழுதி வெச்சுடறேன். அவரு கழுவும்போது கண்ணுல பட்டா படட்டும், இல்லன்னா போகட்டும். நான் யாரையும் யார்கிட்டயும் காட்டிக்குடுத்ததா ஆகாது. உங்க விதியில இதுக்கு இடம் இருக்கா?"

அக்கா தான் எழுதிய ஒன்பது விதிகளையும் மறுபடி உட்கார்ந்து படித்தாள். இடம் இருந்தது.

9

புதன்கிழமை காலை அம்மாவிடம் சொன்னோம். அம்மா சமையலறையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அவரோடதா?"

"தெரியலம்மா" என்றாள் அக்கா. "இடமா வலமான்னு குழப்பமா இருக்கு."

"நேராக்கணும்னு சொன்னது யாரு? டாக்டரா, அவரா?"

எங்கள் இருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

"டாக்டர் சொல்லியிருந்தா அப்படியே விடச் சொல்லு. அவரே கேட்டிருந்தா நேராக்கிக் குடுத்துடட்டும்."

"சீட்டுல என்னம்மா எழுதறது? உன் நம்பர் போடவா?" என்று கேட்டேன்.

"என் நம்பர் எதுக்கு? அதே நம்பர்தான் வெச்சிருக்கேன். அவருக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு அது.

அம்மா ஏன் இத்தனை வருடம் அந்த ஓட்டைப் போனை மாற்றாமல் வைத்திருக்கிறாள் என்று நாங்கள் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். அந்தக் கேலிகளையெல்லாம் அழிக்க வேண்டுகோள் அனுப்ப வழியிருந்தால் அனுப்பிவிடுவேன்.

10

முடிவுகள்.

முடிவு அ: சீட்டில் "வா" என்று எழுதுகிறாள். ஒரு நாள் அழைப்புமணி அடிக்கிறது. (இதழாசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு ஆ: அந்த மனிதர் வேறு யாரோ. பல்லைக் கழுவும்போது அண்ணத்தில் "வா" என்றிருப்பதைப் பார்த்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் வாழ்நாள் முழுக்கக் குழம்புகிறார். (எனக்குப் பிடிக்கும். ஆனால் ஈவிரக்கமில்லாத முடிவு.)

முடிவு இ: அப்பாதான். பார்க்கிறார். பார்த்துவிட்டு மறுபடி வாயில் மாட்டிக்கொண்டு

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் இன்று மத்தியானம் அக்காவின் லேபுக்கு வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் மேஜைமேல் காகிதத்தை அரிசியளவாக வெட்டி, ஒன்றில் எத்தனை எழுத்துப் பிடிக்கும் என்று எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பிடித்தது, நெருக்கினால் ஐந்து. "நான்தான் காரணமா" என்பது நீளம். "மன்னிச்சுடுங்க" நீளம். "ஏன்" பிடித்தது. அதை எழுதி, கிழித்துப் போட்டாள்.

மூன்று இருபதுக்கு அவள் போனில் செய்தி வந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, சீட்டு வைக்க இடம் பார்த்தேன். பின்பக்கம் ஏற்கெனவே ஒரு சீட்டு இருக்கு. நம்பர் கிம்பர் எதுவும் இல்ல, வெறும் பேப்பர். வெறும் பேப்பரை எதுக்கு வெச்சாங்கன்னு தெரியல. ஆனா எடுக்க மனசு வரல. அதை எடுத்துட்டு உங்களோடத வைக்கவா, இல்ல அப்படியே விட்டு மூடிடவா? அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க. பல்லை நேராக்கறதா வேண்டாமான்னும் சொல்லுங்க, நீங்க சொல்றபடி பண்றேன்."

பாவம், அவர் விதியை மீறவில்லை. வேலை தெரிந்த ஒருவர் இன்னொருவரிடம் கேட்கிற சாதாரணக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். என்ன சொல்லிவிட்டார் என்று அவருக்குத் தெரியாது.

அப்பா உயிரோடு இருக்கிறார். எங்கோ ஒரு கிளினிக்குக்கு நடந்து போய், அக்கா கட்டிய பல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, நாளைக் காலைக்காகக் காத்திருக்கிறார். நான் அழுதேன். இந்தத் தடவை சந்தேகப்படவில்லை, அடிக்கவும் இல்லை.

அக்கா அழவில்லை. "பதினொரு வருஷமா வாய்லயே வெச்சிருக்காரு" என்றாள். பிறகு எழுந்து, கையில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

என் மூன்று முடிவிலும் அந்த வெறும் சீட்டு இல்லை. அதனால் மூன்றும் இனி உதவாது. எடுப்பதா விடுவதா, எடுத்தால் எதை எழுதுவது, பல் அப்படியே நிற்பதா நேராவதா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். உங்கள் கைக்கு வந்திருக்கும் நகலில் இந்த இடம் காலியாக இருக்கும்:

[          ]

நான்கு எழுத்து, நெருக்கினால் ஐந்து. காலியாகவே விட்டாலும் சரிதான், அதுவும் ஒருமுறை பதினொரு வருடம் தாங்கியிருக்கிறது. நீங்கள் எழுதுவதை அழிக்கச் சொல்லி என்னிடமிருந்து வேண்டுகோள் எதுவும் வராது.

மணி நாலே முக்கால். அக்கா கடைசியாக ஒரு சீட்டு வெட்டி முன்னால் வைத்திருக்கிறாள். எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாளாம். அவளுடைய பேனாவில் மை தீர்ந்துவிட்டது, என்னுடையதைக் கேட்கிறாள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். கொடுத்துவிடுகிறேன்.